தவளை அறையில் சொன்ன சொல்

அன்று அங்கே இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மேலாளர் அம்மா. வெள்ளைக்காரர். சனிக்கிழமை ஆனதால் வீட்டில் போடுகிற சட்டையோடு வந்திருந்தார்.

மிருக டாக்டர். அந்த நாட்டில் தவளைக்கும் டாக்டர் உண்டு.

சனி, ஞாயிறு முறை வேலை பார்க்கிறவன். குவாதமாலாக்காரன். காலையில் கதவைத் திறந்து முதலில் பார்த்தவன் அவன்தான்.

அவர். யாரைப் பற்றி எழுத உட்கார்ந்தேனோ அவர்.

அவருடைய மகள். ஏழு வயசு. அறைக்குள் பிள்ளைகளை விடமாட்டார்கள். வெளியே நடையில் நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தார். அது கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தது.

நான்.

அப்புறம் தவளைகள். அந்தக் கணக்கைக் கடைசியில் சொல்கிறேன்.

அவர் பெயரைப் போடப்போவதில்லை. இதைப் படித்தால் அவருக்குத் தெரியும். அது போதும்.

அவர் கோயம்புத்தூர்ப் பக்கம். விலங்கியல் எம்.எஸ்ஸி. படித்தவர். நான் ராமநாதபுரம் பக்கம், எட்டாவதோடு நின்றவன். அக்கா மனுப் போட்டு, பன்னிரண்டு வருஷம் காத்திருந்து, பச்சை அட்டையோடு நியூஜெர்சிக்கு வந்தேன். வரும்போது எனக்கு நாற்பத்தாறு வயசு. பிளெய்ன்ஸ்பரோவில் நாங்களும் அவர்களும் ஒரே அபார்ட்மென்ட் வளாகம். நாங்கள் முன் வரிசை, அவர்கள் பின் வரிசை.

2001 தொடக்கத்தில், லாண்டரி ரூமில் துணி மடித்துக்கொண்டு இருந்தபோதுதான் முதலில் பேசினார்.

"ஏனுங்க பாய், எங்க கம்பெனியில தொட்டி கழுவ ஆள் வேணுங்கறாங்க. நீங்க சுத்தமா வேல செய்வீங்களா?"

"செய்வேம்மா."

"சொல்லீட்டீங்கல்ல, போதுமுங்க."

மறுநாளே மேலாளரிடம் போய், எனக்குத் தெரிந்த மனுஷர், கவனமாக வேலை செய்வார் என்று சொல்லியிருக்கிறார். என்னை அவருக்கு என்ன தெரியும்? துணி மடிப்பேன் என்று தெரியும். அவ்வளவுதான்.

அவர் அப்படித்தான். ஒருவர் வாயால் சொன்னால் போதும். திருப்பிக் கேட்கமாட்டார். போய்ப் பார்க்கமாட்டார். ஏமாளி என்று நினைக்க வேண்டாம். படித்தவர், விவரம் தெரிந்தவர். ஆனாலும் சொல்லுக்குமேல் இன்னொன்று கேட்பது எதிராளியைக் கேவலப்படுத்துவது என்று அவருக்கு ஒரு எண்ணம்.

அவர் வீட்டுக்காரருக்கு இதில் எரிச்சல். வீட்டுக்காரர் ஐ.டி.யில் இருந்தார். 2002-ல் வேலை போய்விட்டது. அதற்கப்புறம் அந்த அம்மாவின் வேலையில்தான் குடும்பம் ஓடியது. விசாவும் அந்த வேலையில்தான் நின்றது. கம்பெனி க்ரீன் கார்டுக்கு எழுதிப்போட்டுப் பாதி நடந்திருந்தது. அதனால் அந்த மனுஷருக்கு எதற்கெடுத்தாலும் பயம். சாப்பிடக் கூப்பிட்ட ஒரு நாள் என்னிடம் சொன்னார்:

"பாய், இவகிட்ட எவனாவது டர்ன்பைக் ரோட்ட விக்கறேன்னு வந்தா, அட்வான்ஸ் குடுத்துட்டு வருவா."

அந்த அம்மா தோசையைத் திருப்பிக்கொண்டே சொன்னார். "விக்கறேன்னு சொன்னா வித்துருவாங்க. உங்களுக்கு ஏனுங்க சந்தேகம்?"

மகள் சிரித்தது. "அம்மா, யூ கான்ட் பை எ ரோடு!"

எடிசன் பக்கம் ஒரு மெக்கானிக் இருந்தான். கார் பிரேக் கட்டை மாற்றிவிட்டேன் என்றான். காசு வாங்கிக்கொண்டான். மறுவாரம் பிரேக் பிடித்தால் கீச்சென்று சத்தம். வீட்டுக்காரர் குதித்தார். "போலீஸ்ல சொல்லு, கம்ப்ளெயின்ட் எழுது" என்றார். அந்த அம்மா என்னைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு அவனிடமே போனார். சண்டை போடவில்லை. அவன் முகத்தைப் பார்த்து ஒரே கேள்வி கேட்டார். மாற்றினீர்களா?

அவன் ஆம் என்று சொல்ல வாயைத் திறந்தான். அப்புறம் மூடிக்கொண்டான். சாவியைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டு காரை உள்ளே ஏற்றினான். ஒரு மணி நேரத்தில் புதுக் கட்டை போட்டுக் கொடுத்தான். நாங்கள் போகும்போது அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை.

நான் வழியில் சிரித்தேன். "திருட்டுப் பய, எப்படி முழிச்சான் பாத்தியாம்மா" என்றேன்.

"திருடனில்லீங்க பாய். மறந்திருப்பாரு" என்றார்.

அந்த மெக்கானிக்கை இப்போது அடிக்கடி நினைக்கிறேன். அவன் என்னைவிட நல்லவன்.

தவளையைப் பற்றிச் சொல்லவேண்டும். நம் ஊர்க் கிணற்றுத் தவளை இல்லை. ஆப்பிரிக்கா ஜாதி. தண்ணீரை விட்டு வெளியே வராது. பின்காலில் மூன்று விரலுக்குக் கறுப்பு நகம் இருக்கும். கண்ணுக்கு இமை கிடையாது. வாயில் நாக்கு கிடையாது. தீனி போட்டால் இரண்டு முன்கையாலும் வாய்க்குள் தள்ளும். இரண்டு விலாவிலும் தையல் போட்ட மாதிரி வெள்ளைக் கோடு. அதில்தான் தண்ணீர் அசைவதைத் தெரிந்துகொள்ளும் என்று அவர் சொன்னார். பிடித்தால் கையில் நிற்காது, சோப்புக்கட்டி மாதிரி வழுக்கும். மூடியை ஒரு விரல் அளவு திறந்து வைத்தாலும் வெளியே வந்து விழும்.

கம்பெனிக்கு வேண்டியது பெண் தவளையின் முட்டை. கடுகு மாதிரி இருக்கும், பாதி கறுப்பு, பாதி வெளுப்பு. மருந்து எப்படி வேலை செய்கிறது என்று அந்த முட்டையில் பார்ப்பார்கள். மயக்க மருந்து கலந்த தண்ணீரில் தவளையைப் போட்டு, மல்லாக்கக் கிடத்தி, அடிவயிற்றில் சின்னதாக ஒரு வெட்டு. கொஞ்சம் முட்டை எடுத்துக்கொண்டு தைத்துவிடுவார்கள். வெட்டுவதும் தைப்பதும் அவர் வேலை. தொட்டி கழுவி, தண்ணீர் மாற்றி, தீனி போடுவது என் வேலை.

பள்ளிவாசலில் கேட்டால் மருந்து கம்பெனியில் வேலை என்பேன். ஒரு நாள் விஷயம் தெரிந்துபோனது. "பாய் வீட்டுல இன்னிக்குத் தவளைப் பிரியாணியா?" என்று நோன்பு திறக்கிற இடத்தில் எல்லாரும் சிரித்தார்கள். அவரிடம் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்தது. நான் பார்த்த ஒரே கோபம் அது.

"சாதாரண ஜீவன்னு நெனச்சுட்டாங்களா? அந்தக் காலத்துல பொம்பளைக்கு வயித்துல குழந்தை இருக்குதான்னு பாக்கறதுக்கு இந்தத் தவளைதானுங்க. அவளோட சிறுநீர ஊசியில இதுக்குப் போடுவாங்க. மறுநாள் முட்டை வெச்சிருந்தா, இருக்குதுன்னு அர்த்தம். டாக்டரே இது சொல்றதத்தான் கேட்டாரு." அப்புறம் கொஞ்சம் தணிந்து சொன்னார். "நாக்கில்லாத ஜீவனுங்க பாய். அது பொய் சொல்லாது."

ஒரு தவளைக்கு ஐந்து வெட்டுதான். அதற்குமேல் கூடாது. ஒவ்வொரு வெட்டுக்கும் நடுவில் மூன்று மாதம் ஓய்வு. எது எத்தனையாவது வெட்டு என்று முதுகுப் புள்ளிகளைப் படம் எடுத்து ஒட்டி வைத்திருந்தார். மயக்கத்திலிருந்து எழுந்து நீந்துகிறவரை பக்கத்தில் நிற்பார். அப்போது அதனிடம் பேசுவார். "மூணு ஆச்சுங்க கண்ணு. இன்னும் ரெண்டுதான்." ஐந்தாவது முடிந்தால், "ஆச்சு. இனி உன்னத் தொடமாட்டேன்" என்பார்.

மற்ற இடங்களில் ஐந்தாவது வெட்டோடு மயக்கத்திலேயே முடித்துவிடுவார்களாம். அவர் டாக்டரிடம் பேசிப் பேசி, இடம் இருக்கிறவரை வைத்துக்கொள்ளச் சம்மதம் வாங்கியிருந்தார். இருபதாவது தொட்டி அதற்கு. ஓய்வுத் தொட்டி என்போம்.

அதில் ஒரு தவளையின் முட்டை மற்றதைவிட நல்லதாம். ஆராய்ச்சிக்காரர் ஒருவர் வந்து நின்றார். இன்னும் ஒரே ஒரு தடவை எடுத்துக் கொடு, யாருக்குத் தெரியப்போகிறது என்றார். எனக்கு அந்த அளவு இங்கிலீஷ் புரியும்.

அவர் முடியாது என்றார். ஏன் என்றார் அந்த ஆள். இனிமேல் தொடமாட்டேன் என்று அதனிடம் சொல்லியிருக்கிறேன் என்றார்.

"தவளையிடமா?"

"ஆமாம்."

அந்த ஆள் என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்திருக்கக்கூடாது.

வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன்.

2001 செப்டம்பருக்குப் பிறகு என்ன நிலைமை என்று எல்லாருக்கும் தெரியும். ஜும்ஆ தொழுகைக்குப் போகவேண்டும் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. இரண்டு மாதம் போகாமலே இருந்தேன். அவர் கவனித்துவிட்டார். என்னிடம் ஒன்றும் சொல்லாமல் மேலாளரிடம் போய்ப் பேசினார். வெள்ளிதோறும் ஒன்றரை மணி நேரம் எனக்கு விடுப்பு. அந்த நேரத்து வேலைக்குத் தான் பொறுப்பு என்று சொல்லியிருக்கிறார்.

"நீங்க போய்ட்டு வாங்க பாய். நான் பாத்துக்கறேன்" என்றார். ஐ.டி.யில் இருக்கிற நம்ம ஊர்க்காரர் ஒருவர் பன்னிரண்டே முக்காலுக்குக் கேட்டில் வந்து ஹாரன் அடிப்பார். அவர் வேனில் போவேன், வருவேன்.

வெள்ளிதான் தண்ணீர் மாற்றுகிற நாள். குழாய்த் தண்ணீரில் கிருமிக்காக மருந்து போட்டிருப்பார்கள். நாம் குடிக்கலாம். தவளைக்குத் தோல் வழியாக ஏறிக் கொன்றுவிடும். அதனால் பெரிய பீப்பாயில் பிடித்து, மருந்தை முறிக்க ஒரு பொடிக்கல் போட்டுக் கலக்கவேண்டும். அரை மணி கழித்துக் காகிதப் பட்டை ஒன்றை முக்கிப் பார்க்கவேண்டும். வெள்ளையாகவே இருந்தால் நல்லது. ஊதா வந்தால் மருந்து இன்னும் இருக்கிறது. வெள்ளை என்றால்தான் பம்பு போட்டுத் தொட்டிக்கு விடலாம்.

பார்த்ததும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வைக்கவேண்டும். எனக்கு இங்கிலீஷ் எழுத நேரம் ஆகும். தப்பும் வரும். அதனால் எங்களுக்குள் ஒரு பழக்கம். நான் கதவோரம் நின்று சொல்வேன், "பட்டை பார்த்துட்டேம்மா, வெள்ளை." அவர் எழுதித் தன் இரண்டெழுத்தைப் போடுவார். மூன்று வருஷம் அப்படியே நடந்தது.

பீப்பாய்க்குப் போடுகிற கல்லும், வெட்டு ஆறுவதற்குத் தண்ணீரில் கலக்கிற உப்பும் பார்க்க ஒன்றுபோல் இருக்கும். இரண்டும் ஒரே மாதிரி ஜாடி. பேர் இங்கிலீஷில் ஒட்டியிருக்கும். எனக்காக, பீப்பாய்க் கல் இருக்கிற ஜாடி மூடியில் தன் நகப்பாலிஷை எடுத்துவந்து சிவப்பாகப் பூசி வைத்தார்.

"சிவப்பு மூடி தண்ணிக்கு. ஞாபகம் இருக்குமுங்களா?"

"இருக்கும்மா."

2004 ஏப்ரல். அந்த வாரம் ஊர்த் தண்ணீர்க்காரர்கள் ஒரு காகிதம் அனுப்பியிருந்தார்கள். அறைக் கதவில் ஒட்டியிருந்தது. அவர் எனக்குப் படித்துச் சொன்னார். "இந்த மாசம் மருந்து ஜாஸ்தி போடறாங்களாம். ரெண்டு தடவ பாருங்க பாய்."

"பாக்குறேம்மா."

அந்த வெள்ளி காலையில் ஜாடிகளைத் துடைத்தேன். மூடி இரண்டையும் கழற்றிக் கழுவினேன். காயவைத்துத் திருப்பிப் போட்டேன். மாற்றிப் போட்டுவிட்டேன். நான் எழுத்தைப் பார்ப்பதில்லை, மூடியைத்தான் பார்ப்பேன். சிவப்பு மூடியைத் திறந்து பீப்பாயில் போட்டேன். போட்டது உப்பு.

இது தப்பு. தெரியாமல் நடந்த தப்பு. இதற்காக நான் இதை எழுதவில்லை.

வேலை பிந்திவிட்டது. ஹாரன் சத்தம் கேட்டது. இரண்டாம் தடவையும் கேட்டது. பட்டை டப்பா என் சட்டைப் பையிலேயே இருந்தது. எடுத்து முக்கிப் பார்க்க ஒரு நிமிஷம். பார்க்கவில்லை. பம்பைப் போட்டேன். இருபது தொட்டிக்கும் விட்டேன். ஓடினேன்.

அவர் அறுவை மேசையில் இருந்தார். கையில் உறை, முகத்தில் முகமூடி. தலையைத் தூக்காமல் கேட்டார்.

"பாய், பட்டை பாத்தீங்களா?"

"பார்த்துட்டேம்மா. வெள்ளை. ரெண்டு தடவை பார்த்தேன்."

நிறம் வேறு சொன்னேன். தடவை வேறு சொன்னேன்.

"சொல்லீட்டீங்கல்ல. ஓடுங்க, ஹாரன் அடிக்கறாங்க."

அன்று குத்பாப் பிரசங்கத்தில் என்ன சொன்னார்கள் என்று நினைவில்லை. ஸஜ்தாவில் தரையில் தலை வைத்தபோது பட்டை டப்பா நெஞ்சில் குத்தியது. அது நினைவிருக்கிறது.

இரண்டே காலுக்குத் திரும்பி வந்தேன். தவளைகள் மேலே மேலே வந்து முட்டிக்கொண்டிருந்தன. சாதாரணமாக அடியில் சும்மா கிடக்கும். பார்த்தேன். அப்போதாவது ஒரு பட்டையை எடுத்திருக்கலாம். புதுத் தண்ணீர், அதான் துள்ளுது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். டப்பாவை அலமாரியில் வைத்தேன். நாலு மணிக்கு வீட்டுக்குப் போனேன்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு அவர் போன் செய்தார். "பாய், உடனே வாங்க" என்றார். 

அறைக்குள் நுழைந்ததும் வாடை. எல்லாம் வயிற்றைக் காட்டி மிதந்தன. தோல் சிவந்து கிடந்தது. தொடைப் பக்கம் ரத்தம் கட்டியிருந்தது. வாளி ஒன்றில் மட்டும் மூன்று உயிரோடு இருந்தன. முந்தின நாள் அவர் வெட்டியவை. அவை பழைய தண்ணீரில் இருந்தன.

அலமாரியைப் பார்த்தேன். சிவப்பு மூடி உப்பு ஜாடியில் இருந்தது. எனக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது.

மேலாளர் அம்மா என்னைப் பார்த்து இங்கிலீஷில் கேட்டார். நேற்றுத் தண்ணீரைச் சோதித்துப் பார்த்தாயா?

எனக்குப் புரிந்தது. ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது. புரியாதவன் மாதிரி நின்றேன்.

அவரிடம், நீ கேட்டுச் சொல் என்றார் மேலாளர். அவர் என் பக்கம் திரும்பினார். தமிழில் கேட்டார். மெக்கானிக்கிடம் கேட்ட அதே குரல்.

"பாய், பட்டை பாத்தீங்கல்ல?"

"பார்த்தேம்மா."

அவர் திரும்பி மேலாளரிடம் சொன்னார். அவர் பார்த்ததாகச் சொல்கிறார்.

நீ பார்த்தாயா என்றார் மேலாளர்.

இல்லை என்றார் அவர்.

மேலாளர் தாளை எடுத்துக் காட்டினார். அப்படியானால் இது யார் எழுத்து?

"என்னுது."

டாக்டர் பீப்பாயில் மிச்சமிருந்த தண்ணீரில் ஒரு பட்டையை முக்கினார். கையில் எடுக்கும்போதே ஊதா. அதை அவரிடம் நீட்டினார். அவர் பட்டையைப் பார்த்தார். அலமாரியில் இருந்த மூடியைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

நான் தொட்டியைப் பார்த்தேன்.

மேலாளர் ஒரே கேள்வியைத் திரும்பவும் கேட்டார். பார்க்காததைப் பார்த்ததாக ஏன் எழுதினாய்? அவர் என்னைக் காட்டியிருக்கலாம். இந்த ஆள் என்னிடம் பொய் சொன்னான் என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என் எழுத்து, என் பொறுப்பு என்று மட்டும் சொன்னார். ஏன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

தவளை செத்ததற்காக அவரை அனுப்பவில்லை. பொய்யாக எழுதியதற்கு அனுப்பினார்கள். அங்கே அது பெரிய குற்றம். என்னை ஒரு நாள் வகுப்பில் உட்கார வைத்தார்கள். மொழி தெரியாதவன் என்று பரிதாபப்பட்டார்கள். அவ்வளவுதான்.

எனக்குப் போனால் என்ன போயிருக்கும்? பச்சை அட்டை இருந்தது. ஒரு வேலை இல்லையென்றால் இன்னொன்று. க்ரோசரி கடையில் அரிசி மூட்டை தூக்கியும் பிழைக்கலாம். வெள்ளிக்கிழமை விடுப்பு போயிருக்கும். தொழுகைக்குப் போகிற அவசரத்தில் பொய் சொன்னவன் என்று பேர் வந்திருக்கும். அதற்குத்தான் பயந்தேன். என் இந்தப் பயத்துக்கும் அவருடைய வீட்டுக்கும் எடை போட்டால் எது கனம் என்று எனக்கு அன்றே தெரியும்.

என் வீட்டம்மாவிடம் மட்டும் சொன்னேன். அவள் சோற்றுத் தட்டை நகர்த்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நாளைக்கே போய் அந்த மேனேஜர்கிட்ட உண்மையச் சொல்லுங்க."

"சொல்றேன்."

"அல்லா மேல ஆணையாவா?"

"சொல்றேன்னா சொல்றேன்."

திங்கள் போனது. செவ்வாய் போனது. பத்தாம் நாள் அவருடைய மேசை காலியாகிவிட்டது. வீட்டம்மா அதன் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நான் எதையாவது செய்கிறேன் என்றால், "ம்" என்பாள். 

விசா இல்லாமல் இருக்க முடியாது. க்ரீன் கார்டு மனு அங்கேயே நின்றுவிட்டது. மே மாதம் முடியும் முன்பே கிளம்பிவிட்டார்கள். மகள் ஸ்கூல் வருஷத்தைக்கூட முடிக்கவில்லை.

பெட்டி தூக்க நான் போனேன். அவர் வீட்டுக்காரர் எடை பார்க்கிற மெஷினில் பெட்டியை வைத்து வைத்து எடுத்தார். என்னோடு நன்றாகத்தான் பேசினார். "உங்களுக்குத்தான் சிரமம் பாய்" என்றார். அப்போதே தெரிந்தது, என் பொய்யை அந்த அம்மா வீட்டுக்காரரிடமும் சொல்லவில்லை என்று.

மகள் என் பக்கத்தில் வந்து நின்றது. "அங்கிள், ஆர் தி த்ரீ ஃப்ராக்ஸ் ஓகே?"

"ஓகேம்மா."

"ப்ராமிஸ்?"

நான் அதன் தலையைத் தடவினேன். 

அவர் சமையல்கட்டில் டப்பாக்களைக் கட்டிக்கொண்டிருந்தார். வீட்டுக்காரரும் மகளும் கீழே காருக்குப் போயிருந்தார்கள். நாங்கள் இரண்டு பேர்தான். சொல்வதானால் அந்த நேரம்தான். வாயைத் திறந்தேன்.

"ஊருக்குப் போய் போன் பண்ணும்மா" என்றேன். வந்தது அதுதான்.

அவர் கயிற்றை முடிச்சுப் போட்டார். "பாக்கலாமுங்க" என்றார். எனக்குத் தெரிந்து அவர் பார்க்கலாம் என்று யாரிடமும் சொன்னதில்லை. செய்வேன் என்பார், இல்லை செய்யமாட்டேன் என்பார். போன் வரவில்லை.

2009-ல் அந்த அறையை மூடுகிறவரை அங்கேதான் வேலை பார்த்தேன். என் எழுத்தை நானே போடக் கற்றுக்கொண்டேன். ஒவ்வொரு வெள்ளியும் பட்டையை மூன்று தடவை முக்கினேன். வாளியில் பிழைத்த மூன்றும் கடைசிவரை இருந்தன. இந்த ஜாதி நிறைய வருஷம் இருக்கும். மூடுகிற அன்று டாக்டர் வேறு இடத்துக்குக் கொண்டுபோனார். யாரும் அவற்றுக்கு ஆறாவது வெட்டுப் போடவில்லை. அந்த அளவு பார்த்துக்கொண்டேன். அதைச் சொல்லி நான் எதையும் கழித்துக்கொள்ளவில்லை.

எண்ணின கதையைச் சொல்லிவிடுகிறேன்.

அந்தச் சனிக்கிழமை, மேலாளரும் டாக்டரும் பேச ஆபீஸ் அறைக்குப் போனார்கள். முறைக்காரன் பைகள் எடுத்துவரப் போனான். அறையில் அவரும் நானும். கண்ணாடிக்கு வெளியே மகள்.

செத்ததை எண்ணித் தாளில் எழுதவேண்டும். அது விதி.

"எண்ணுங்க பாய்" என்றார். குரல் எப்போதும்போல்தான் இருந்தது.

உறை போட்டேன். முதல் தொட்டியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் வரிசையாக வைத்தேன். உயிரோடு இருந்தால் வழுக்கும். அன்று வழுக்கவில்லை. தொட்டிக்கு ஆறு. வாளிக்கு மூன்று போனதால் ஒரு தொட்டியில் மட்டும் மூன்று. கடைசியாக ஓய்வுத் தொட்டி. இனித் தொடமாட்டேன் என்று அவர் சொல்லி வைத்திருந்த ஆறு. அதையும் எடுத்தேன். தவறக்கூடாது என்று திரும்பவும் ஒருமுறை முதலிலிருந்து எண்ணினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு கவனமாக எதையும் எண்ணியதில்லை.

அவர் பேனாவோடு நின்றார்.

"எண்ணிட்டீங்களா?"

"எண்ணிட்டேம்மா. ரெண்டு தடவை எண்ணினேன்."

"எத்தனைங்க?"

சொன்னேன்.

பேனா தாளின் மேல் இருந்தது. எழுதவில்லை. மூன்று வருஷமாக நான் சொல்லி முடிப்பதற்குள் எழுதிவிடுகிற கை. அவர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்தார். பெட்டியிலிருந்து இரண்டு உறையை உருவினார். போட்டுக்கொண்டார். என்னைச் சுற்றிக்கொண்டு முதல் தட்டுக்குப் போனார்.

ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. முறைக்காரன் பைகளோடு வந்து கதவோரம் நின்றுவிட்டான். கண்ணாடியில் மகளின் மூச்சுப் பட்டு வட்டமாக மங்கியிருந்தது. நான் சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். கடைசி ஆறையும் தொட்டு முடிக்கப் பத்து நிமிஷம் ஆகியிருக்கும்.

உறையைக் கழற்றினார். பேனாவை எடுத்தார். எழுதினார்.

நூற்றுப்பதினேழு.